கோணல் மேஸ்திரி போட்ட நேர்கோடு

என் அக்கா புருஷன் தரைக்கு டைல் பதிக்கிற மேஸ்திரி. ஆள் ஒல்லி. இரண்டு முழங்காலிலும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. முப்பது வருஷமாக மண்டி போட்டே பிழைத்த மனுஷனுக்கு வேறு எப்படி இருக்கும்? சட்டைப் பையில் மரப் பென்சில், கால்சட்டைப் பையில் நூல்கண்டும் பித்தளைத் தூக்குக்குண்டும். கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார். மண்டபத்துத் தரையைப் பார்த்துவிட்டு, "எவன்டா பதிச்சான் இதை" என்று முணுமுணுப்பார். அக்கா முழங்கையால் இடிப்பாள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஊர் வைத்த பேர் கோணல் மேஸ்திரி.

பேர் சும்மா வரவில்லை. ஒன்பது வருஷம் முன்னால் ஒரு பள்ளிவாசலுக்குத் தரை போட்டார். தெரு வளைந்து போகிற இடம், அதனால் கட்டிடமும் தெருவோடு சேர்ந்து திரும்பி நின்றது. தொழுகிறவர்கள் மக்காவைப் பார்த்து நிற்க வேண்டும். சுவரை வைத்து நின்றால் திசை தப்பும். அதனால் டைலைச் சுவருக்கு இணையாகப் போடாமல், சரியான திசைக்குச் சாய்த்துப் போட்டுவிட்டால், கோட்டில் கால் வைத்து நின்றாலே போதும், யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்று கேட்டார்கள். முள் வடக்கில் நின்றால் மக்கா எந்தப் பக்கம் என்று குறி போட்ட ஒரு திசைகாட்டியையும் கையில் கொடுத்தார்கள்.

இவர் என்ன செய்தார்? முள் ஆடி நின்றதும் தன் இரண்டு மீட்டர் இரும்பு மட்டக்கோலை அந்தக் குறிக்கு நேராக ஒட்டி வைத்து, விளிம்போடு பென்சில் கோடு இழுத்தார். ஒரு வாத்தியாரோ கணக்குப்பிள்ளையோ செய்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது, அவர்களிடம் இரும்புக் கோல் ஏது? இரும்பு பக்கத்தில் வந்ததும் முள் மெதுவாக அதன் பக்கம் நகர்ந்தது. முள் இன்னும் ஆடி அடங்கவில்லை போல என்று நினைத்து இவரும் கோலை அதற்கேற்ற மாதிரி நகர்த்தினார். டைல் வரிசை அத்தனையும் அந்தக் கோட்டில் போயிற்று. பளபளவென்று, ஒரு இணைப்பில்கூட நூல் பிசகாத தரை. திசை மட்டும் தப்பு.

மூன்று வருஷம் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு மே மாதக் கடைசியில், அங்கே பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர் கண்டுபிடித்தார். வருஷத்தில் இரண்டு முறை சூரியன் மக்காவுக்கு நேர் மேலே வந்து நிற்குமாம். அந்த நிமிஷத்தில் உலகத்தில் எங்கே வெயில் அடித்தாலும், சூரியனைப் பார்த்து நின்றால் மக்காவைப் பார்த்து நின்ற கணக்கு. அவர் முற்றத்துத் தூணின் நிழலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

யாரும் சண்டைக்கு வரவில்லை. "அறியாம நடந்தது மேஸ்திரி, தொழுதது தொழுததுதான்" என்று பெரியவர்களே சமாதானம் சொன்னார்கள். டைலை மறைத்துச் சரியான சாய்வில் ஜமுக்காளம் விரித்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் இவரும் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பார். திட்டாமல் விட்டதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தெருப் பக்கம் ஆறு வருஷம் போகவில்லை. சிமென்ட் கடை அந்தத் தெரு முனையில். இவர் மூன்று தெரு சுற்றிப் போவார்.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் ஒரு பழைய சாமான் அறையைக் காலி செய்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை ஆக்கச் சொன்னார்கள். நான் குழாய் வேலைக்கு, மாமா தரைக்கு. இன்ஜினியர் வரைபடம் கொடுத்தார். சின்ன வயசு, நல்ல படிப்பு, கொஞ்சம் வேகம். வரைபடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி.

"இந்த அம்புக்கு நேரா டைல் வரிசை வரணும் மேஸ்திரி. மக்கா திசை. நானே இந்த அறையில நின்னு போன் திசைகாட்டில பார்த்து எடுத்தேன்."

மாமா அம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் நான் போனபோது மனுஷன் அறையின் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். இரும்பு என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும், இடுப்பு பெல்ட்டின் கொக்கி உட்பட, வராந்தாவில் கழற்றி வைத்திருந்தார். கையில் ஒரு திசைகாட்டி.

"மாப்ள, இங்க வா. முள்ளு எங்க நிக்குது?"

சொன்னேன். அடுத்த மூலைக்கு இழுத்துப் போனார். அங்கே வேறு பக்கம் நின்றது. மூன்றாவது மூலையில் இன்னொரு பக்கம்.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

எனக்கு அது நன்றாகத் தெரியும். போன மாசம் அங்கே குழாய் பார்க்கப் போய், ஸ்பேனரை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லித் துரத்தப்பட்டவன் நான். "ஸ்கேன் மிஷின் மாமா. காந்தத்துல படம் எடுக்குறது. ஒரு லாரி கனம் காந்தம்."

ஆறு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "எனக்கு ஒரு மட்டக்கோல். இன்ஜினியருக்கு லாரியே வந்திருக்கு."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. அந்த அறைக்கு உள்ளேயே தடுப்பு போட்டிருக்கிறார்கள், காந்தம் சுவர் தாண்டாது என்றார். மாமா மூன்று மூலையிலும் முள்ளைக் காட்டினார். பத்து ரூபாய் திசைகாட்டி அப்படித்தான் ஆடும் என்றார் இன்ஜினியர். பேச்சு வளர்ந்தது. நிர்வாகி அம்மா வந்து நின்றார்.

"மேடம், திசை விஷயத்துல யார் பேச்சைக் கேக்குறதுன்னு பாருங்க. இவர் பேர் என்னன்னு லிஃப்ட்காரரைக் கேளுங்க," என்றார் இன்ஜினியர்.

லிஃப்ட் இயக்குகிறவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். இதில்தான் வினை. அந்தப் பள்ளிவாசலில் விடியற்காலையில் பாங்கு சொல்கிறவரும், நிழலைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தவரும் அதே ஆள்தான்.

அவர் தாடியைத் தடவினார். "பேர் கோணல் மேஸ்திரி. அதை வெச்சவனே நான்தான்." நிர்வாகி அம்மா பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு தடவை சுட்டுக்கிட்டவரு அம்மா. இன்னொரு தடவை கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமத் தொடமாட்டாரு. இன்னும் பதினொரு நாள்ல சூரியன் மக்காவுக்கு மேல வருது. அதைக் கேட்டுட்டா ஆச்சு."

நிர்வாகி அம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். "பதினொரு நாள் தர்றேன். வெயில் வந்தா நிழல் சொல்றபடி. மேகம் மூடிட்டா வரைபடம் சொல்றபடி. அதுக்கு மேல காத்திருக்க முடியாது."

"நிழல் என் அம்புக்கு நேரா விழுந்துச்சுன்னா," என்றார் இன்ஜினியர், "இவர் என் வேலை எதுலயும் இனிமே டைல் தொடக்கூடாது."

"தொடமாட்டேன்," என்றார் மாமா. இந்த ஆஸ்பத்திரியின் புதுக் கட்டிடம், நாலு மாடித் தரை, அத்தனையும் இன்ஜினியர் கையில்.

அந்தப் பதினொரு நாளும் மாமா சும்மா இருக்கவில்லை. அறை பூட்டிக் கிடந்ததால் கும்பிடுகிறவர்கள் வராந்தாக் கடைசியில் இடம் பிடித்திருந்தார்கள். மத்தியான இடைவேளையில் மூன்று பேர் தவறாமல் வருவார்கள். லிஃப்ட்காரர் ஒருவர். தலைமை நர்ஸ் ஒருவர், பழைய சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். கண் டாக்டர் ஒருவர், யூதர், சின்ன உருவம், பெரிய கண்ணாடி. நர்ஸ் கிழக்கைப் பார்த்து நிற்பார். மற்ற இரண்டு பேரும் அநேகமாக அவர் முகத்தைப் பார்த்து நிற்பார்கள்.

"பார்க்குறவங்க நான் இவங்க ரெண்டு பேருக்கும் பாடம் எடுக்குறேன்னு நினைக்கிறாங்க," என்பார் நர்ஸ்.

மாமாவுக்கு வேலைக்காரனின் சந்தேகம். தரை போடுகிறவனுக்கு யார் எங்கே பார்த்து நிற்பார்கள் என்று தெரிய வேண்டாமா? "உங்களுக்குக் கிழக்கு எதுக்கும்மா?"

"வெளிச்சம் அங்கேருந்துதான வருது மேஸ்திரி. ஆண்டவர் திரும்பி வர்றப்பவும் அந்தப் பக்கத்துலருந்துதான் வருவார்னு நம்பிக்கை. எங்க ஆளுங்களைப் புதைக்கிறப்பக்கூட, எழுந்தா கிழக்கைப் பார்க்குற மாதிரிதான் படுக்க வைப்போம். எல்லா சபையிலயும் இப்போ இதைப் பார்க்குறதில்ல. எங்கள்ல பார்ப்போம்."

"டாக்டர், உங்களுக்கு?"

"ஜெருசலேம். எங்க கோயில் இருந்த இடம். கோயில் இடிஞ்சு போய் ரெண்டாயிரம் வருஷம் ஆகுது, கழுத்து இன்னும் அந்தப் பக்கம்தான் திரும்புது." டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "எந்த நாட்டுல இருந்தாலும் அங்கே பார்த்துத்தான் நிப்போம்."

லிஃப்ட்காரர் விட மாட்டார். "ஆரம்பத்துல நாங்களும் உங்க ஜெருசலேமைப் பார்த்துத்தான் தொழுதோம் டாக்டர். அப்புறம்தான் மக்கா பக்கம் திரும்பச் சொல்லி உத்தரவு வந்துச்சு. தொழுகைக்கு நடுவுலயே திரும்பி நின்னாங்கன்னு சொல்லுவாங்க."

"தெரியும், தெரியும். இங்கேருந்து கணக்குப் போட்டா நமக்குள்ள பதினாலு டிகிரிதான் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரங்க இதுக்கு மேலயே சண்டை போடுவாங்க."

மூவரும் சிரித்தார்கள். நர்ஸ் மாமாவைப் பார்த்து மெல்லச் சொன்னார். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. திசை தெரியலைன்னா மனசைத் திருப்பினாப் போதும்."

"எங்கள்லயும் அப்படித்தான்," என்றார் டாக்டர். "திசை புரியாதவன் நெஞ்சை மேல இருக்கிறவர் பக்கம் திருப்பட்டும்னு எழுதியே வெச்சிருக்கு."

"எங்களுக்கும் அதேதான். நான் இதை மேஸ்திரிகிட்ட ஆறு வருஷமாச் சொல்லி அனுப்புறேன்," என்றார் லிஃப்ட்காரர்.

மாமா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மூணு பேரும் மனசு போதும்கிறீங்க. மனசு உங்க வேலை. தரை என் வேலை. அது கோணலாப் போனா நீங்க மன்னிப்பீங்க, நான் எப்படி மன்னிக்கிறது?"

டாக்டர் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா மொட்டை மாடியில் ஒரு மரக்குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நட்டார். காலையில் நிழல் நுனியில் ஒரு புள்ளி. அந்த நீளத்துக்கு நூல் கட்டி, குச்சியைச் சுற்றி ஒரு வட்டம். மத்தியானத்துக்கு மேல் நிழல் திரும்ப நீண்டு வட்டத்தைத் தொட்டதும் இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளியையும் சேர்த்தால் அச்சுக் குத்தினாற்போல் கிழக்கு மேற்கு. முள்ளும் வேண்டாம், போனும் வேண்டாம். அந்தக் கோடு கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு எவ்வளவு சாய்வு என்று அளந்து, அதே சாய்வைக் கீழே அறைக்குக் கொண்டுவந்தார். நர்ஸுக்குக் கிழக்கு கிடைத்தது.

மக்கா மேற்கிலிருந்து கொஞ்சம்தான் வடக்கே என்று லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார். அதனால் அந்தக் கோட்டுக்கும் வரைபடத்தின் அம்புக்கும் இடையில் எவ்வளவு என்று பார்த்தபோதே அம்பு தப்பு என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினியரிடம் சொன்னேன். "குச்சி நட்டு வெச்சு எனக்கு விஞ்ஞானம் சொல்லாதீங்க" என்று போய்விட்டார்.

பதினோராம் நாள். காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கு ஒரு மேகம் வந்தது. பன்னிரண்டுக்கு வானம் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி ஆயிற்று. அக்கா போன் பண்ணி, "அந்த மனுஷன் சாப்பிட்டாரா?" என்றாள். எங்கே சாப்பிட்டார்? மேற்கு ஜன்னலின் மேல் சட்டத்தில் ஆணி அடித்து நூலைத் தொங்கவிட்டு, கீழே தூக்குக்குண்டு ஆடாமல் ஒரு வாளித் தண்ணீருக்குள் அதை இறக்கி வைத்துவிட்டு, எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணி ஆகச் சில நிமிஷம் இருக்கும்போதுதான் அந்த நேரம். இரண்டரைக்கு நிர்வாகி அம்மா வந்தார். நர்ஸ் வார்டை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். டாக்டர் வந்தார். லிஃப்ட்காரர் லிஃப்டைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார். வெளியே நாலு பேர் படி ஏறிக்கொண்டே திட்டுவது கேட்டது. இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றார் லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து. தரையில் நிழலே இல்லை. வெறும் சிமென்ட் பூச்சு.

"மூணு நிமிஷம்."

நர்ஸின் உதடு அசைந்தது. டாக்டரின் உதடும். லிஃப்ட்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடியே ஏதோ ஓதினார். மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே விஷயத்துக்காக, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம்... இதுதான். இதுதான் நேரம்."

ஒன்றும் இல்லை. இன்ஜினியர் தொண்டையைச் செருமினார்.

"முன்ன பின்ன ரெண்டு நிமிஷம் பெரிய வித்தியாசம் வராது சார்," என்றார் லிஃப்ட்காரர் அவசரமாக. "ரெண்டு நிமிஷம் பொறுங்க."

அப்போது வாளியின் தண்ணீர் மினுங்கியது. ஜன்னல் கம்பிகளின் நிழல் முதலில் மங்கலாக, பிறகு கரி இழுத்த மாதிரி தரையில் விழுந்தது. கம்பிகளுக்கு நடுவே நூலின் நிழல், ஒரு மீட்டர் நீளத்துக்கு, மயிரிழை மாதிரி ஒரு கோடு.

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அவர் பென்சிலை எடுத்தார். குனியவில்லை. கையைப் பின்னால் நீட்டினார்.

"சார், நீங்க குறிங்க."

"நானா?"

"நான் குறிச்சா கோணல் மேஸ்திரி கோடும்பாங்க. சீக்கிரம் சார், சூரியன் உங்களுக்காக நிக்காது."

இன்ஜினியர் வரைபடத்தைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டார். நிழலின் இந்த முனையில் ஒரு புள்ளி, அந்த முனையில் ஒரு புள்ளி. இரண்டாவது புள்ளி வைத்து விரலை எடுக்கவில்லை, மேகம் மூடிவிட்டது. மாமா சாக்பொடி தடவிய நூலை ஒரு புள்ளியில் என் கட்டைவிரலுக்குக் கொடுத்தார், அடுத்ததைத் தாண்டி அறையின் கடைசிவரை இழுத்துப் பிடித்தார். இழுத்து விட்டார். டப். நீலக்கோடு.

இன்ஜினியரே வரைபடத்தை விரித்தார். அம்புக்கும் கோட்டுக்கும் நடுவே அவரே அளந்தார். இரண்டு தடவை அளந்தார். "இருபத்தேழு டிகிரி," என்றார். முகம் சிவந்துபோயிற்று. ஆனால் நல்ல பையன், நான் முதலில் நினைத்தது தப்பு. எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னார். "அம்பு தப்பு. மேஸ்திரி கேக்கலைன்னா நான் நூறு பேரைத் தப்பா நிக்க வெச்சிருப்பேன். என்னை மன்னிச்சிருங்க."

"அதை விடுங்க சார். நான் முந்நூறு பேரை நிக்க வெச்சவன்," என்றார் மாமா. லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என் பதினாலு டிகிரி?" என்றார் டாக்டர். ஜெருசலேமுக்கு மேல் சூரியன் ஒருநாளும் நேராக வராதாம், அதனால் நிழல் சொல்லாது, அளந்துதான் எடுக்க வேண்டுமாம். மாமா டிகிரியைத் தன் பாஷைக்கு மாற்றச் சொன்னார். இன்ஜினியர் கணக்குப் போட்டார். மக்கா கோட்டில் நாலு மீட்டர் நேரே போய், ஒரு மீட்டர் வலப்பக்கம் வந்தால் போதும். மாமாவுக்கு வாயெல்லாம் பல். "நாலுக்கு ஒண்ணு! மாடிப்படிக்குப் பக்கத்துல சாய்தளம் போடுற கணக்கு. இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன டாக்டர்?"

தரை ஆறு நாளில் முடிந்தது. டைல் வரிசை மக்காவுக்கு. அதன் குறுக்கே மெல்லிய பித்தளைப் பட்டி ஒன்று ஜெருசலேமுக்கு. இன்னொரு பட்டி கிழக்குக்கு, எதிர்ப்பக்கம். ஒரே இடத்தில் கிளம்பி மூன்றும் மூன்று பக்கம் போகும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. நிழல் விழுந்த அன்றைக்கு, எல்லாரும் கிளம்பும்போது லிஃப்ட்காரர் மாமாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மேஸ்திரி. சூரியன் ஒரு நாளோட போயிடாது. நாளைக்கும் அதே நேரத்துக்கு அங்கேயேதான் நிக்கும்."

மாமாவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. மாமா மெல்லக் கேட்டார், "பள்ளிவாசலுக்குள்ள என்னை விடுவாங்களா?"

"பூட்டு சாவியே என்கிட்டதான்யா இருக்கு."

மறுநாள் மூன்று தெரு சுற்றாமல் நேராகப் போனோம். மாமா, நான், கூடவே இன்ஜினியர், யாரும் கூப்பிடாமலே. பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் ஜமுக்காளங்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத் தரை, இன்னும் பளபளப்புப் போகவில்லை. அன்றைக்கு மேகமே இல்லை. நூலின் நிழல் கண்ணைக் குத்துகிற மாதிரி விழுந்தது. இந்தத் தடவை மாமா பென்சிலை யாருக்கும் கொடுக்கவில்லை. மட்டக்கோல் வாசலுக்கு வெளியே கிடந்தது. தேவையே இல்லை, ஆனாலும் வெளியேதான் கிடந்தது.

பழைய டைலைப் பெயர்க்க ஒரு வாரம், புதிதாகப் பதிக்க இரண்டு வாரம். ஒரு வெள்ளிக்கிழமை, வெறும் தரையில், கோட்டில் கால் வைத்து முதல் வரிசை நின்றது. மாமா வாசல்படிக்கு வெளியே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தோள்களைப் பார்த்தார். முதல் தோளிலிருந்து கடைசித் தோள்வரை நூல் கட்டினாற்போல். பாங்கு சொன்ன லிஃப்ட்காரர் வரிசையில் நிற்கப் போகும் முன் திரும்பி, "என்ன கோணல், சரியா இருக்கா?" என்று கண்ணால் கேட்டார்.

மாமா கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாடா மாப்ள. சிமென்ட் கடைக்குப் போகணும். இந்தத் தெரு வழியாவே போலாம்."